வேணி நிரப்பிய தண்ணீர்

என் பெரியம்மா செல்லம் பொறாமைக்காரர் என்பதை எங்கள் குடும்பத்தில் யாரும் மறைத்ததில்லை, அவரும் மறைத்ததில்லை. "ஆமா, எனக்கு எரியுது. எரியலைன்னு சொல்ல நான் என்ன சாமியாரா?" என்று அவர் கேட்டதை போர்ட் பிளேயரின் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வரிசை முழுவதும் கேட்டிருக்கிறது. எங்கள் வீட்டாரைப் பற்றி எழுதிவைக்கும் இந்த வரலாற்றில் அவருடைய பகுதியை மட்டும் இனிப்பாக எழுதினால் அது அவராக இருக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் அவருடைய ஓரகத்தி மங்கையர்க்கரசியின் மகள் என்பதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த வழக்கில் என் தாயாருக்கும் ஒரு கட்சி உண்டு.

பெரியப்பா சிவஞானம் பரமக்குடியிலிருந்து 1951ஆம் ஆண்டு அந்தமானுக்கு வந்து, மராமத்து இலாகாவின் ஸ்டோரில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பெரியம்மா அடுத்த ஆண்டு கப்பலேறினார். என் தந்தையார் ஜெகநாதன், அண்ணனைத் தொடர்ந்து வந்து அதே இலாகாவில் ஓவர்சியரானார். 1955இல் என் தாயார் புதுப்பெண்ணாக வந்து இறங்கினார். அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்த வீடுகள்; மரச் சுவர், தகரக் கூரை, கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே குழாய். மாசி பிறந்துவிட்டால் அந்தக் குழாயில் காலையில் சற்று நேரம்தான் தண்ணீர் வரும். வருகிற தண்ணீரைப் பிடிக்க அண்டா, குடம், தவலை, செம்பு, கடைசியில் குழம்புச் சட்டி வரை வரிசையில் நிற்கும். மழைக்காலத்தில் ஊரே ஒழுகும்; கோடையில் குடிக்கத் தண்ணீர் தேட வேண்டியிருக்கும். போர்ட் பிளேயர் அன்று அப்படித்தான் இருந்தது.

என் தாயார் வந்த நாளிலிருந்தே பெரியம்மாவுக்குத் தாளவில்லை. தாயார் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர், பெரியம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தாயாரின் கையெழுத்து அழகு; அவர் வைக்கும் ரசம் தெளிவு. பிறகு நாங்கள் மூவர் பிறந்தோம். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் மூவரின் பிறப்பையும் அவர் மனமாரக் கொண்டாடினார். மூன்று முறையும் பெயர் சூட்டிய மறுநாள் தலைவலி என்று படுத்துக்கொண்டார். இரண்டும் உண்மை.

ஆனால் என் தாயாரிடம் இல்லாத ஒன்று பெரியம்மாவிடம் இருந்தது. வரிசையில் கதை வாசிப்பவர் அவர்தான்.

அந்த நாளில் சென்னை வாரப் பத்திரிகைகள் வாராவாரம் வருவதில்லை. மெட்ராஸ் கப்பல் வரும்போது மூன்று, நான்கு வார இதழ்கள் ஒரே கட்டாக வந்து சேரும். அபர்டீன் பஜாரில் ஒரு கடையில் அந்தக் கட்டைப் பெரியப்பா வாங்கிவருவார். வரிசைப் பெண்களில் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சிலர் இந்தத் தீவிலேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர்கள். ஆகவே பெரியம்மா வாசிக்க, மற்றவர்கள் கேட்பது என்று வழக்கமாயிற்று. அதில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கட்டு மொத்தமாக வந்தாலும் வாரத்துக்கு ஓர் இதழ்தான் வாசிப்பார். அடுத்த கப்பல் வரும்வரை கதை தீர்ந்துவிடக் கூடாது என்பது நியாயம். கதையில் அடுத்து என்ன நடக்கும் என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்பது அந்த நியாயத்துக்குள் இருந்த சுகம். மற்ற இதழ்களை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருப்பார். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய என் தாயாரும் ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களோடு பாயில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். தாயார் ஒருநாளும் இதழைத் தரும்படி கேட்டதில்லை. பெரியம்மாவும் கொடுக்கிறேன் என்று சொன்னதில்லை.

1957இல் ஒரு தொடர்கதை தொடங்கியது. பழைய துறைமுக ஊர் ஒன்றில் வேணி என்ற பெண் சிறுமியாக இருந்து வளர்ந்து பெரியவளாவதைச் சொல்வது. பிற்காலத்தில் அது பேர்பெற்ற நாவலாகி, கல்லூரிகளில் பாடமாயிற்று. எங்கள் வரிசையில் அதற்கு 'வேணி கதை' என்றே பெயர். அதில் ஒரு கட்டம். தாயில்லாத வேணிக்குப் பதினான்கு வயது. அவளை மாமன் வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று தகப்பன் முடிவுசெய்கிறான். "நாளைக்குப் புறப்பட வேண்டும்" என்று அவன் சொல்வதோடு ஒரு வாரம் முடிந்தது. பெரியம்மா அதை வாசித்து மூடியபோது பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அதோடு பழைய கட்டு தீர்ந்தது. கப்பலில் வந்த புதுக் கட்டைப் பிரித்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது: அதில் அடுத்த வார இதழ் இல்லை. சென்னையிலிருந்தே வரவில்லை என்று கடைக்காரர் கைவிரித்தார். அதற்கடுத்த இதழில் வேணி மாமன் வீட்டில் இருக்கிறாள்.

இதழ் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறொருவராக இருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வாரம்தான் என் மூத்த அண்ணன் முதல் அடி எடுத்து நடந்தான். வரிசை முழுவதும் என் தாயார் வீட்டு வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் தன்னுடையது. அதையும் வெறுங்கையோடு விடப் பெரியம்மாவுக்கு மனமில்லை. பழைய இதழ் ஒன்றைக் கையில் பிரித்துப் பிடித்துக்கொண்டு, இல்லாத வாரத்தை அவர் வாசித்தார்.

அவர் வாசித்தது இது. விடியும்முன் எழுந்த வேணி அழவில்லை, யாரிடமும் பேசவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்தாள். அண்டாவை நிரப்பினாள். குடங்களை நிரப்பினாள். பிறகு செம்பு, தம்ளர், படி, ஆழாக்கு, விளக்கெண்ணெய்க் கிண்ணம், அகப்பைக் குழி வரை அந்த வீட்டில் தண்ணீர் நிற்கக்கூடிய எல்லாவற்றையும் விளிம்பு வரை நிரப்பினாள். இனி அந்த வீட்டில் யாரும் அவள் இறைத்த தண்ணீரைக் கையால் எடுக்காமல் ஒரு பருக்கை உண்ண முடியாது. பிறகு வண்டியில் ஏறினாள்.

கோடையில் தண்ணீருக்குக் காத்து நிற்கும் பெண்கள் அதைக் கேட்டு அழுதார்கள். அடுத்த வீட்டுச் சரசு எழுந்து போய்த் தன் குடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாராம். சரசுவின் குடும்பம் கைதிகள் காலத்திலிருந்தே இந்தத் தீவில் இருப்பது. அவர் எளிதில் அழுகிறவர் அல்லர். தொடர்கதை முடிந்தது, வேறு கதைகள் வந்தன. கேட்டு முடித்த கதையைப் புத்தகமாக எவரும் தேடவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர்க் கட்டம் மட்டும் வரிசையில் தங்கிவிட்டது. என் தாயார் அதை எங்களுக்குச் சொல்லித் தூங்கவைத்தார். நாவலாசிரியர் எழுதியது என்றே அவர் நம்பியிருந்தார். நானும் அப்படியே கேட்டு வளர்ந்தேன்.

1972 தை மாதம் சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனி கப்பலில் வந்து இறங்கியது. வேணி கதையைத்தான் படமாக எடுக்கிறார்கள். கதை நடப்பது ஐம்பது ஆண்டுக்கு முந்திய துறைமுகத்தில். மெயின்லேண்ட் துறைமுகங்களில் இப்போது எங்கே கேமராவை வைத்தாலும் கிரேன் தெரிகிறதாம். இங்கே மர வீடும் பழைய படித்துறையும் இருந்தபடியே இருந்தன. மின்கம்பங்களைத் தென்னங்கீற்றால் மூடினார்கள். ஒரு வீட்டின் தகரக் கூரைமேல் ஓலை வேய்ந்தார்கள். டைரக்டர் பக்தவத்சலம் வயதானவர். வெயிலில் குடைக்குக் கீழே உட்கார்ந்து குறைவாகப் பேசுவார்.

பெரியம்மாவைப் பிடிக்க முடியவில்லை. "என் வேணி வந்துட்டா" என்று வீடு வீடாகச் சொன்னார். கிணற்றடிக் காட்சியில் நிற்கத் தமிழ்ப் பெண்கள் வேண்டும் என்று கேட்டபோது முதலில் போய் நின்றவரும் அவரே. உதவி டைரக்டர் ராஜமாணிக்கம் என்ற இளைஞர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து அவர் முன் நின்றார்.

"அம்மா, கண்ணாடியைக் கழட்டணும்."

"கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாதே, தம்பி."

"கேமராவுக்கு நீங்க தெரிஞ்சா போதும்மா."

"ஏன், அந்தக் காலத்துல யாரும் கண்ணாடி போடலியா?"

"போட்டாங்க. கலெக்டர் போட்டாரு."

பெண்கள் சிரித்தார்கள். கண்ணாடியைக் கழற்றிய பெரியம்மா இரண்டடி வைத்ததும் கயிற்றில் கால் தடுக்கிக் கேமரா பக்கமே போனார். ராஜமாணிக்கம் அவரைத் தோளைப் பிடித்துப் பின்வரிசையில் நிறுத்திவிட்டு, "முன்னால நீங்க வாங்கம்மா, இடுப்புல குடத்தோட" என்று என் தாயாரைக் காட்டினார்.

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்தார். அன்று அவர் அங்கே இருந்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

அவர் போன பிறகு, வெளிச்சத்துக்காகக் காத்திருந்த வேளையில் சரசுதான் ராஜமாணிக்கத்திடம் கேட்டார்:

"அரே பாபு, அந்தத் தண்ணி சீன் எப்போ?"

"எந்தத் தண்ணி சீன்?"

"வேணி ஊருக்குப் போற அன்னைக்கு வீடு பூரா தண்ணி ரொப்பும்ல, அது."

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

"க்யா இல்லே? அதை விட்டுட்டு என்ன படம் எடுக்கறீங்க? சலோ, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

ஆளாளுக்குச் சத்தம் போட்டதில் டைரக்டரே குடையை விட்டு எழுந்து வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்க, "மங்கை, நீ சொல்லு, நீதான் நல்லா சொல்வே" என்று என் தாயாரைத் தள்ளினார்கள். தாயார் சொன்னார். பதினான்கு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய கதை, தடையில்லாமல் வந்தது. டைரக்டர் முழுவதையும் நின்றபடியே கேட்டார்.

"நாவல்ல இது இல்லம்மா. அந்த இடத்துல 'வேணி வண்டியில் ஏறினாள்'னு ஒரு வரிதான் இருக்கு. அந்த ஒரு வரியை எப்படி எடுக்கறதுன்னு ஆறு மாசமா தவிச்சுக்கிட்டிருக்கேன். இது உங்க கற்பனையா?"

என் தாயார் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம்; 'என் ஓரகத்தி வாசித்துக் கேட்டது' என்று ஒரே சொல். அவர் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன். "எனக்கு அந்த நிமிஷம்தான் புரிஞ்சுது, அக்காதான் கட்டிச் சொல்லியிருக்கான்னு. சொன்னா எல்லார் முன்னாலயும் அவங்க பொய் வாசிச்சவங்கன்னு ஆயிடும்" என்றார். அது உண்மையான காரணம்தான். "அதோட, அவர் என்னைப் பார்த்துக் கேட்டாரு" என்றும் சொன்னார். அதுவும் காரணம்தான். பத்திரிகையில் வந்ததைப் புத்தகத்தில் விட்டுவிட்டார்கள் என்று மற்றப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை என் தாயார் குழாயடியில் பெரியம்மாவிடம் செய்தியைச் சொன்னார். படத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்க்கிறார்கள். நாவலில் அது இல்லையாம். தாயாரின் பெயரைத் திரையில் போடுவார்களாம். சொல்லிவிட்டுப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பெரியம்மாவும் பார்த்தார். இருவருக்கும் தெரியும், மற்றவருக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

"நல்லா சொன்னியாமே" என்றார் பெரியம்மா.

"நீங்க வாசிச்சதுதானே அக்கா."

"ஆமா. நான் வாசிச்சது." குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். கட்டம் தன்னுடையது என்று சொன்னால், இத்தனை ஆண்டுகள் வரிசைக்கு வாசித்த வாசிப்பெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஞாயிற்றுக்கிழமைப் பாய் அதோடு சுருண்டுவிடும். சொல்லாவிட்டால், தன் வாழ்நாளில் தானாகப் பெற்ற அந்த ஒன்று ஓரகத்தியின் பெயரில் ஊரெல்லாம் ஓடும். பெரியப்பாவை டைரக்டரிடம் தூது போகச் சொன்னார்.

"போய் என்னன்னு சொல்றது?" என்றார் பெரியப்பா. "என் சம்சாரம் பொய் சொல்லிட்டா, அந்தப் பொய் அவளுதுதான், தயவுசெஞ்சு அவ பேர்லயே பதிஞ்சுக்குங்கன்னா?"

"சிரிங்க. உங்களுக்கு என்ன? உங்க தம்பி வீட்டுக்குத்தானே போகுது."

"எங்க போனாலும் பொதுக் குழாய்த் தண்ணிதானே, செல்லம்."

அதன்பின் இரண்டு நாள் அவர் பெரியப்பாவுக்குப் பேச்சில்லாமல்தான் சோறு போட்டார். தினமும் காலையில் என் தாயாரை அழைத்துப்போகக் கம்பெனி ஜீப் வந்தது. ஜீப்பின் சத்தம் மேட்டில் கேட்டதும் பெரியம்மா ஜன்னலைச் சாத்துவார். சாத்திய ஜன்னலின் இடுக்கில் கண் இருக்கும். வரிசையில் என் தாயாரைக் 'கதாசிரியை' என்று கேலியாக அழைத்தார்கள்; கேலி என்றாலும் அழைத்தார்கள். தாயார் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனதைப் பெரியம்மா சாகும்வரை மறக்கவில்லை. "தண்ணி ரொப்பப் போறவளுக்குப் பூ என்னத்துக்கு?" என்பார்.

அந்தக் கட்டத்தை எடுக்கும் நாள் வந்தது. ஊருக்கு வெளியே டாலிகஞ்ச் பக்கம் ஒரு பழைய மரவீட்டில் ஏற்பாடு. வரிசைப் பெண்கள் எல்லோரும் தங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை இரவல் கொடுத்திருந்தார்கள். பெரியம்மா ஒரு கரண்டிகூடக் கொடுக்கவில்லை. போகக் கூடாது என்றிருந்தவர், பஸ் பிடித்துப் போய் நின்றார். கண்ணாடியோடு.

உள்ளே என் தாயாரும் சரசுவும் மற்றப் பெண்களும் பாத்திரங்களை வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்டா, குடம், செம்பு, தம்ளர், படி. எல்லாம் அவர் சொன்ன வரிசையில் இருந்தன. அவர் அவற்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனாரென்று சரசு அத்தை சொல்கிறார். கடைசியில் ஜன்னலோரம் சிறு மரச் சொப்புகள் இருந்தன: சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பானை, ஒரு குடம், ஒரு மூடி.

"இது என்னத்துக்கு?" என்று பெரியம்மா சாமான் வைப்பவரைக் கேட்டார்.

"வேணி கடைசியா இதுலதாம்மா ஊத்தும். சின்ன வயசுல விளையாடின சொப்பு. அதை ரொப்பிட்டுத்தான் வண்டி ஏறும்."

"கிடையாது."

"அந்தம்மா அப்படித்தான் சொன்னாங்க."

"கிடையவே கிடையாது! அவ என்ன பாப்பாவா? பதினாலு வயசுப் பொண்ணு. அவ வீட்டை ஆள்றவ. அவ ரொப்பறது அவங்க சமைச்சுத் திங்கறதுக்கு, விளையாடறதுக்கு இல்ல. யாரு இதைச் சேர்த்தது? நான் சொல்லலியே இதை!"

அந்தக் கடைசிச் சொல் வந்ததும் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடைக்குக் கீழிருந்த டைரக்டர் வாசலில் வந்து நின்றார். இங்கே சரசு அத்தை சொல்வதும் என் தாயார் சொல்வதும் வேறுபடுகின்றன. பெரியம்மா அழுதார் என்கிறார் சரசு அத்தை. அழவில்லை, கண்ணாடியைத் துடைத்தார் என்கிறார் தாயார். சொன்ன சொல்லில் இருவருக்கும் வேறுபாடில்லை.

"நான்தான் சொன்னேன். அந்த வாரம் புஸ்தகம் வரல. நானாக் கட்டிச் சொன்னேன்."

"அப்போ அது ஜூட்டா?" என்றார் சரசு. "நான் அழுதேனே, செல்லம்! பொய்க்கா அழுதேன்?"

"பொய்க்குத்தான்."

"அரே! அப்போ வேற எதெல்லாம் உன்னுது? வேணி மாமன்கிட்ட எதிர்த்துப் பேசுமே, அதுவா?"

"அது எழுதினவர் எழுதினது."

"ஆத்துல படகு கவுறுமே?"

"அதுவும் அவர்தான். என்னுது அந்த ஒண்ணுதான்."

சரசு நம்பிக்கையில்லாமல் தலையை ஆட்டினார். நன்றாக இருந்ததெல்லாம் செல்லம் சொன்னது என்றும், அலுப்புத் தட்டியதெல்லாம் நாவலாசிரியர் எழுதியது என்றும் வரிசை பிற்பாடு முடிவு கட்டிக்கொண்டது. பெரியம்மா அஞ்சியது போல ஞாயிற்றுக்கிழமைப் பாய் சுருளவில்லை, கூட்டம் கூடியது. ஆனால் அது அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. அவர் என் தாயாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தாயார் அமைதியாகத்தான் பேசினார்.

"அக்கா, நீங்க ஒரே ஒரு தடவை சொன்னீங்க. நான் பதினாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது. நான் சொல்லாம இருந்திருந்தா, இன்னைக்கு யாருக்கு இது நெனப்பு இருக்கும்? உங்களுக்கே இருந்திருக்குமா?"

"பெத்தவ நானு."

"வளத்தவ நான்."

பிள்ளை பெறாதவர் ஒருவர் அப்படிச் சொன்னதும், மூன்று பெற்றவர் இப்படிப் பதில் சொன்னதும் சுற்றி நின்றவர்களுக்கு உறைத்தது. கொத்தனார் மனைவி அன்னம்மாள், "போதும், வாங்க" என்று இருவர் கையையும் பிடித்தார். இருவரும் உதறினார்கள்.

டைரக்டர் பக்தவத்சலம் சமாதானமாக, "ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன். அதுதானே நியாயம்?" என்றார்.

"என் பேரு மட்டும்" என்றார் பெரியம்மா.

"செல்லம்!" என்று சரசு அதட்டினார்.

"என் பேரு மட்டும் போட்டாப் போடுங்க. இல்ல, யாரு பேரும் வேண்டாம்."

என் தாயார் சிறிது யோசித்தார். பிறகு சொன்னார்: "அவங்க பேரே இருக்கட்டும் சார். ஆனா சொப்பு இருக்கணும்."

பெரியம்மாவுக்கு அது மலிவான பேரமாகத் தோன்றியது. சம்மதித்தார். தன் பெயரை ராஜமாணிக்கத்தின் காகிதத்தில் தானே எழுதிக்கொடுத்தார். மதியத்துக்குள் காட்சி எடுத்து முடிந்தது. அதுவரை இருந்து பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். தாயார் ஜீப்பில் வந்தார்.

அதன்பிறகு ஓராண்டுக்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. தவிர்க்க முடியாத செய்திகள் எங்கள் வழியாகப் போயின. "உங்கம்மாகிட்ட சொல்லு, குழாயை இறுக்கி மூடச் சொல்லி" என்பார் பெரியம்மா, தாயார் மூன்றடி தள்ளி நிற்கும்போதே. "பெரியம்மாகிட்ட சொல்லு, வாஷர் போச்சுன்னு" என்பார் தாயார்.

அடுத்த ஆண்டு மழைக்கு முன் படப்பெட்டி கப்பலில் வந்தது. ஊர்க் கொட்டகையில் முதல் காட்சிக்கு எங்கள் வரிசை மொத்தமும் போயிற்று. பெரியம்மா மயில்கழுத்து நிறப் பட்டுடுத்தி முன்பக்கம் உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு வரிசை பின்னால். எழுத்துப் போடும்போது, 'தண்ணீர்க் காட்சி: திருமதி செல்லம் சிவஞானம், போர்ட் பிளேயர்' என்று தனியாக ஒரு வரி வந்தது. கொட்டகை அதிர்ந்தது. பெரியப்பா விசிலடித்தார் என்று பலர் சொல்கிறார்கள், அவர் மறுத்திருக்கிறார். பெரியம்மா திரும்பி, கூட்டத்தைப் பார்ப்பது போல, என் தாயாரைப் பார்த்தார். தாயார் கை தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. வேணி இறைக்கிறாள், நிரப்புகிறாள். அண்டா, குடம், செம்பு, படி. கூட்டம் அமைதியாகப் பார்த்தது, நன்றாகவே இருந்தது. வண்டிக்காரன் வெளியிலிருந்து குரல் கொடுக்கிறான். வேணி திரும்புகிறாள், ஜன்னலோரச் சொப்பு கண்ணில் படுகிறது. உள்ளங்கையில் இருந்த மிச்சத் தண்ணீரை அந்தச் சிறு பானையில் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். விளிம்பில் நீர் நின்று நடுங்குகிறது. அப்போதுதான் கொட்டகையில் முதல் விசும்பல் கேட்டது. தொடர்ந்து பத்துப் பதினைந்து இடங்களில். தமிழே தெரியாத ஒரு வங்காளி அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பெரியம்மா திரையைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பித் திருப்பி அழுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அவர் தனியாகப் போனார். அதற்கு மறுநாளும் போனார். நான்காம் நாள் காலை என் தாயார் குழாயடியில் இருந்தபோது வந்து பின்னால் நின்றார்.

"மங்கை."

தாயார் திரும்பினார். ஓராண்டுக்குப் பிறகு நேராக வந்த முதல் சொல் அது.

"மூணு தடவை பார்த்துட்டேன். மூணு தடவையும் அந்த எடத்துலதான் அழுவறாங்க. நேத்து குடத்துக்கு ஒருத்தி அழுதா. அவளுக்கு ஜலதோஷம்னு நெனக்கிறேன்."

தாயார் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதே. எனக்கு எரியுது."

"தெரியுது அக்கா."

"எப்போ சேத்தே அதை?"

"இவ சின்னப்புள்ளையா இருந்தப்போ. 'என் சொப்புல மட்டும் ஏன் வேணி தண்ணி ஊத்தல'ன்னு அழுதா. சரின்னு ஊத்திட்டேன்."

'இவள்' நான்தான். எனக்கு அது நினைவில்லை.

"எனக்கு ஏன் அது தோணாமப் போச்சு?" என்று கேட்டார் பெரியம்மா. தாயார் குழாயை மூடினார். பதில் இருவருக்கும் தெரிந்ததுதான், பெரியம்மாவே சொன்னார்: "என் வீட்டுல ஏது சொப்பு."

"உங்க பேருதானே அக்கா இருக்கு."

"பேரு இருக்கு" என்றார் பெரியம்மா. "பேருக்கு யாரு அழுதா?"

அன்றிலிருந்து பேச்சு திரும்பியது. அவர்களுக்குள் அன்பு பெருகிவிட்டதாக நான் எழுத மாட்டேன். பெரியம்மா இறக்கும்வரை என் தாயாரின் ரசத்தில் உப்புக் குறைவு என்றே சொல்லிவந்தார். படத்தைப் பார்த்தவர்கள் அவரைத் தேடி வந்து, அந்தச் சொப்புக் கட்டத்தை எப்படி நினைத்தீர்கள் என்று கேட்பதுண்டு. என் தாயார் பக்கத்தில் இருந்தால், "சொப்பு அவளுது" என்பார், யாரோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது போல. தாயார் இல்லாத இடங்களில் அவர் அப்படிச் சொன்னதாக எவரும் இதுவரை எனக்குச் சொல்லவில்லை. நானும் விசாரிக்காமல் இல்லை.